யூனிட் எட்டு ரூபாய்

காமர்ஸ் படிக்கிற பையனுக்கு வீட்டில் இருக்கும் ஒரே மரியாதை, கணக்கு கேட்டால் உடனே சொல்வான் என்பதுதான். (இன்ஜினியரிங் படிக்கும் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு அந்தக் கஷ்டமும் கிடையாது. ஃபேன் ரிப்பேர் என்று அவரைக் கூப்பிட்டு ஏமாந்தது தனிக்கதை.) அந்த மரியாதையை நம்பித்தான் ஒருநாள் எங்கள் ஹவுஸ் ஓனர் மாமா கதவைத் தட்டினார். 2022 டிசம்பர். நான் அப்போது பிளஸ் டூ.

"தம்பி, கரண்டு பில்லு கட்டணும். என் போன்ல எதுவும் திறக்கமாட்டேங்குது. உன் போன்ல கட்டிவிட்டுறு, காசு கையில தந்துர்றேன்" என்றார்.

கட்டினேன். 600 யூனிட், 2,750 ரூபாய். மாமா சொன்னபடி காசைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்று ராத்திரி தூக்கம் வராமல் ஒரு கணக்கு போட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். யூனிட்டுகளை மட்டும் கணக்குக்கு வசதியாக முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

முதலில் எங்கள் வீட்டு அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் காம்பவுண்டு வீடு என்போம். ஒரே வாசல், உள்ளே மூன்று குடித்தனம். முன்பக்கம் ஓனர் குடும்பம், நடுவில் நாங்கள், பின்னால் ஒரு தம்பதி. மின்வாரிய மீட்டர் மொத்தத்துக்கும் ஒன்றே ஒன்று. எங்களுக்கும் பின்வீட்டுக்கும் ஓனர் தனியாக ஆளுக்கொரு சப் மீட்டர் மாட்டியிருக்கிறார். மாசம் பிறந்தால் அதைப் பார்த்துக் காசு வாங்கிக்கொள்வார். வாடகை வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

2022 செப்டம்பர் 10 முதல் தமிழ்நாட்டில் மின்கட்டணம் உயர்ந்தது. 2014-க்குப் பிறகு வந்த முதல் உயர்வு. அடுத்த வாரமே ஓனர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். "ரேட்டு ஏறிப்போச்சும்மா. ஆறு ரூவா கட்டுபடியாகலை. இனிமே யூனிட்டு எட்டு." அம்மாவும் சரிங்கண்ணே என்று சொல்லிவிட்டார். டி.வி.யில் எல்லா சேனலிலும் கட்டண உயர்வுதான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு எப்படி இல்லை என்பது?

இப்போது கணக்குக்கு வருவோம். நாங்கள் இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் செலவழிப்போம். அம்மாவின் தையல் மிஷின் மோட்டார், இரண்டு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ், டி.வி., மிக்ஸி. அவ்வளவுதான். எங்களுக்கென்று தனி மின் இணைப்பு இருந்திருந்தால் பழைய கட்டணத்தில் எவ்வளவு வந்திருக்கும்? முதல் 100 யூனிட் இலவசம் (2016 மே முதல் எல்லா வீட்டுக்கும் உண்டு). மீதி 80 யூனிட்டுக்கு ஒன்றரை ரூபாய் வீதம் 120, நிலைக்கட்டணம் 20. ஆக மொத்தம் 140 ரூபாய். புதிய கட்டணத்தில் நிலைக்கட்டணம் எடுக்கப்பட்டது, யூனிட் 2 ரூபாய் 25 காசு ஆனது. 80 யூனிட்டுக்கு 180 ரூபாய். எங்களைப் போன்ற ஒரு வீட்டுக்கு அரசாங்கம் ஏற்றியது இரண்டு மாதத்துக்கு 40 ரூபாய்.

நாங்கள் கட்டியது? முன்பு 1,080. பிறகு 1,440. எங்களுக்கு ஏறியது 360.

மறுபடி ஒருமுறை படியுங்கள். 180 ரூபாய் கட்டவேண்டிய குடும்பம் 1,440 கட்டியது. வித்தியாசம் 1,260. வருஷத்துக்கு ஆறு பில். 7,560 ரூபாய். அம்மா எத்தனை ரவிக்கை தைத்தால் அந்தப் பணம் வரும் என்று கணக்குப் போட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். அதுவரை போட்டதே போதும் போலிருந்தது.

"ஓனர் கொள்ளையடிக்கிறார், அவ்வளவுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அன்று ராத்திரி அப்படித்தான் நினைத்தேன். 600 யூனிட்டில் எங்களுடையது 180, பின்வீட்டுக்காரர்களுடையது 160. மீதி 260 மாமாவுடையது, தண்ணீர் மோட்டாரும் அதில் சேர்த்தி. எங்கள் இரண்டு வீட்டிலும் அவர் வாங்குவது 340 யூனிட்டுக்கு 2,720 ரூபாய். பில் 2,750. ஆக, அவர் வீட்டுக் கரண்டுக்கு அவர் கையிலிருந்து போனது முப்பது ரூபாய்! பழைய கட்டணத்தில் அதே 600 யூனிட்டுக்கு 2,440 வரும், எங்களிடம் 2,040 வாங்குவார், கைக்காசு 400 போடுவார். வாரியம் 310 ரூபாய் ஏற்றியது, மாமா 680 ஏற்றினார். நல்ல பிசினஸ்தான்.

ஆனால் அந்தக் கணக்கு அங்கே முடியவில்லை. மாமா ஒருநாள் மனம் மாறி, "தம்பி, லாபமே வேண்டாம். பில்லை யூனிட் கணக்குப்படி நேர்மையாப் பிரிச்சிரு" என்று சொல்லியிருந்தால்? 2,750 ரூபாயை 600 யூனிட்டால் வகுத்தால் யூனிட்டுக்கு 4 ரூபாய் 58 காசு. எங்கள் 180 யூனிட்டுக்கு 825 ரூபாய். அப்போதும் நாங்கள் கட்டவேண்டிய 180 ரூபாயைப்போல நாலரை மடங்கு! ஓனர் தர்மராஜாவாகவே இருந்தாலும் எங்களுக்குச் சலுகை வந்து சேராது.

ஏன் அப்படி? மூன்று வீட்டுக்கும் தனித்தனி இணைப்பு இருந்தால் 260 யூனிட்டுக்கு 495 ரூபாய், 180-க்கு 180 ரூபாய், 160-க்கு 135 ரூபாய். கூட்டினால் 810. அதே மூன்று குடும்பம், அதே 600 யூனிட், ஒரே மீட்டரில் ஓடியதால் 2,750. மூன்று வீட்டுக்கும் மூன்று 100 யூனிட் இலவசம் கிடைத்திருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுதான் கிடைக்கிறது. அதோடு, ஒரு மீட்டரில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் அடுத்த 100 யூனிட்டுக்கு இருக்கும் பாதி விலைச் சலுகையும் போய்விடும், கடைசி யூனிட்டுகளுக்கு 2022-ல் 8 ரூபாய் வீதம் விழுந்தது. 600 யூனிட் ஓடுகிறது என்றால் உள்ளே ஏ.சி. போட்டுக்கொண்டு யாரோ வசதியான ஆள் இருக்கிறார் என்று கட்டணப் பட்டியல் நினைத்துக்கொள்கிறது. உள்ளே மூன்று அடுப்பு எரிவது அதற்குத் தெரியாது.

இந்த 1,940 ரூபாய் வித்தியாசத்தில் மாமாவுக்குப் பங்கே கிடையாது. அது முழுக்க வாரியத்துக்குப் போகிறது. ஓனர் எங்களிடம் வைக்கும் லாபம் அதற்கு மேல் ஒரு மாடி.

ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். நம் ஊரில் மின்கட்டணச் சலுகை குடும்பத்துக்குக் கொடுக்கப்படவில்லை. மீட்டருக்குக் கொடுக்கப்படுகிறது. மீட்டர் யார் பெயரில் இருக்கிறதோ அவர் சலுகை பெறுகிறார். சொந்தமாக மீட்டர் வைத்துக்கொள்ள வக்கில்லாதவனுக்குச் சலுகை கிடையாது. சலுகை என்பதே வக்கில்லாதவனுக்குத்தானே ஐயா?

தனி பங்களாவில் இருப்பவர் இரண்டு மாதத்துக்கு 1,500 யூனிட் ஓட்டினாலும் அவருக்கு முதல் 100 யூனிட் இலவசம் உண்டு. அது அவர் பெயரில் உள்ள மீட்டர். நடுவீட்டில் ஃபேனை நிறுத்தி நிறுத்தித் தைக்கும் என் அம்மாவுக்கு ஒரு யூனிட்கூடக் கிடையாது.

இதில் இன்னொரு வேடிக்கை. 2022 உயர்வுக்குப் பிறகு அரசு வீடுகளைக் கைவிடவில்லை என்றே சொல்லவேண்டும். 2023 ஜூலையில் கட்டணம் ஏறியபோது வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது. 2025 ஜூலையிலும் அப்படியே. பேப்பரில் முதல் பக்கச் செய்தி. எங்கள் வீட்டில் அதனால் ஒரு பைசா மாறவில்லை. 2024 ஜூலையில் வீடுகளுக்கும் ஏறியபோது மட்டும் செய்தி உடனே வந்து சேர்ந்தது. யூனிட் ஒன்பது ரூபாய் ஆனது. உயர்வு என்றால் சப் மீட்டர்வரை ஓடிவருகிறது, சலுகை என்றால் வாசல் மீட்டரோடு நின்றுவிடுகிறது.

"இலவசமே தப்பு. வாரியம் கடனில் மூழ்கிக்கிடக்கிறது, இதில் உனக்கு வேறு வேண்டுமா?" என்று என் வகுப்பில் ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. 2003 மின்சாரச் சட்டத்தின் 65-வது பிரிவு, ஒரு மாநில அரசு யாருக்காவது கட்டணச் சலுகை தர விரும்பினால் அந்தத் தொகையை மின் நிறுவனத்துக்கு முன்கூட்டியே தரவேண்டும் என்கிறது. அதாவது சலுகைப் பணம் அரசு கஜானாவிலிருந்து வரவேண்டும். கஜானாவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? நானும் அம்மாவும் வாங்கும் சோப்பு, செருப்பு, ஊசிநூல் எல்லாவற்றுக்கும் கட்டும் ஜி.எஸ்.டி.யும் அதில் சேர்த்தி. ஊருக்கெல்லாம் தரும் சலுகைக்கு நாங்களும் பணம் போடுகிறோம். வரவு எழுதும்போது மட்டும் எங்கள் பெயர் பேரேட்டில் இல்லை. இலவசம் வேண்டுமா வேண்டாமா என்று தனியாகச் சண்டை போட்டுக்கொள்ளலாம். கொடுப்பது என்று முடிவாகிவிட்டால் யார் கைக்குப் போகிறது என்று பார்க்கவேண்டாமா?

சரி, வழி என்ன? புலம்பிவிட்டுப் போனால் வாத்தியார் மார்க் போடமாட்டார்.

முதல் வழி ஏற்கெனவே செய்துபார்த்ததுதான். 2019 செப்டம்பரில் டில்லி அரசு வாடகைதாரர்களுக்கென்றே ஒரு ப்ரீபெய்ட் மீட்டர் திட்டம் கொண்டுவந்தது. வாடகை ஒப்பந்தமோ வாடகை ரசீதோ காட்டி, வைப்புத்தொகை கட்டினால் வாடகைதாரர் பெயரிலேயே மீட்டர். வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் தேவையில்லை. அங்கே தந்துகொண்டிருந்த மின்சாரச் சலுகை இவர்களுக்கும் போய்ச்சேரவேண்டும் என்பதுதான் நோக்கம். கர்நாடகத்தில் 2023-ல் வந்த கிருக ஜோதி திட்டத்திலும் வாடகைக்கு இருப்பவர்கள் சேரலாம் என்று வைத்தார்கள். ஆனால் அதற்கும் அந்த வீட்டுக்கென்று ஒரு தனி இணைப்பு எண் வேண்டும். எங்கள் காம்பவுண்டு மாதிரி இடங்களுக்கு டில்லி வழிதான் சரி.

இரண்டாவது, தனி மீட்டர் வரும்வரை, ஒரு மீட்டரில் எத்தனை குடும்பம் இருக்கிறது என்று பதிவு செய்துகொண்டு, கட்டணப் படிகளை அத்தனையால் பெருக்கிவிடலாம். 600 யூனிட், மூன்று குடும்பம் என்றால் தலைக்கு 200 யூனிட். 2022 விகிதப்படி 225 வீதம் 675 ரூபாய். குடும்பம் எத்தனை என்று எப்படித் தெரியும் என்பார்கள். பொங்கல் பரிசு ரேஷன் கார்டுப்படி வரவில்லையா? 2023 செப்டம்பரில் ஆரம்பித்த மகளிர் உரிமைத்தொகைக்கு வீடு வீடாக விண்ணப்பம் கொடுக்கவில்லையா? அதே 2022 கடைசியில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொல்லி ஊரெல்லாம் முகாம் போட்டார்களே. குடும்பத்தைக் கண்டுபிடிக்க இந்த அரசு இயந்திரத்துக்குத் தெரியும். கரண்டு பில் என்று வரும்போது மட்டும் அதற்குக் கண் மீட்டரைத் தாண்டிப் போவதில்லை.

இதில் பொய்க்கணக்கு வரும், ஒரே குடும்பம் மூன்றாகப் பிரிந்ததாக எழுதிக்கொடுப்பார்கள், தெரியும். கரண்டு லாபம் போனால் ஓனர் வாடகையை ஏற்றுவார் என்பதும் தெரியும். ஏற்றட்டும். வாடகை என்பது வெளிப்படையான தொகை. இருநூறா முந்நூறா என்று எதிரில் உட்கார்ந்து பேசலாம். பிடிக்காவிட்டால் அடுத்த தெருவில் விசாரிக்கலாம். யூனிட் கணக்கில் ஒளிந்துகொண்டு வரும் வாடகையை எப்படிப் பேசுவது? அம்மாவுக்கு இதுவரை அது வாடகை என்றே தெரியாது. கரண்டு விலை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

2022 உயர்வுக்கு முன்னால் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தினார்கள். எங்கள் ஊரிலேயே நடந்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். எங்களுக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாது, தெரிந்தாலும் மின் இணைப்பு எண் இல்லாத நாங்கள் நுகர்வோர் என்று எங்களையே நினைத்திருக்க மாட்டோம். அடுத்தமுறை நடக்கும்போது போவதாக இருக்கிறேன். உங்களில் வாடகை வீட்டுக்காரர்கள் யாராவது இருந்தால் நீங்களும் வாருங்கள். வரும்போது சப் மீட்டர் கணக்கு எழுதிவைத்த நோட்டைக் கொண்டுவாருங்கள், அது எல்லா வீட்டிலும் காலண்டருக்குப் பின்னால் இருக்கும்.

ஓனர் மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்குக் காலேஜில் இடம் கிடைத்தபோது ஃபீஸுக்கு ஐயாயிரம் குறைந்தது. அம்மா கேட்காமலேயே மாமா கொண்டுவந்து கொடுத்தார், வட்டி வாங்கவில்லை. அதற்காகத்தான் அன்று போட்ட கணக்கை இன்றுவரை அவரிடம் காட்டவில்லை. ஆனால் அந்த ஐயாயிரமும் எங்கள் வீட்டுக் கரண்டிலிருந்து வந்ததோ என்று ஒரு யோசனை மட்டும் போகமாட்டேன் என்கிறது.

பி.கு: அம்மாவிடம் ஒருவழியாகப் போன வாரம் எல்லாக் கணக்கையும் விளக்கிச் சொன்னேன். முழுசும் கேட்டுவிட்டு, "சரி, முதல்ல அந்த ஃபேனை நிறுத்து" என்றார்.