கட்டுரை மகளுடையது, மேற்கோள் தந்தைக்கு

ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புவோர் பெரும்பாலும் கடைசியாகச் செய்யும் வேலை, துணைநூற்பட்டியலை அந்த இதழின் நடைக்கேற்பச் சீரமைப்பது. ஏ.பி.ஏ., சிகாகோ, எம்.எல்.ஏ. எனப் பல நடைகள் உள்ளன. ஆண்டு எங்கே வரவேண்டும், எது சாய்வெழுத்தில் அமைய வேண்டும் என்பனவற்றில் அவை வேறுபடும். ஒன்றில் மட்டும் மூன்றும் ஒத்துப்போகின்றன: பட்டியலில் ஆசிரியரின் குடும்பப்பெயர் முதலில் நிற்க வேண்டும். தமிழர்களில் பெரும்பாலோர்க்குக் குடும்பப்பெயர் கிடையாது. இதனை வெறும் வடிவமைப்புத் தொல்லையாகக் கருதி நாம் கடந்துவிடுகிறோம். யாருடைய உழைப்பு யாருடைய பெயரில் பதிவாகிறது என்பதே இதில் அடங்கியுள்ள கேள்வி.

அனைவரும் அறிந்த இருவரை எடுத்துக்கொள்வோம். சதுரங்க ஆட்டக்காரர்களான அக்காளும் தம்பியும். தந்தை பெயர் ரமேஷ்பாபு. ஊடகங்கள் தம்பியைப் பெரும்பாலும் 'ஆர். பிரக்ஞானந்தா' என்றும், அக்காளை 'வைஷாலி ரமேஷ்பாபு' என்றும் எழுதுகின்றன. இவ்விருவரும் ஆய்வுக்கட்டுரை எழுதுவதாகக் கொள்வோம். மேற்கோள் மென்பொருள் பெயரின் இறுதிச் சொல்லையே குடும்பப்பெயராகக் கொள்ளும். தம்பியின் கட்டுரை 'பிரக்ஞானந்தா, ஆர்.' என்று அவர் பெயரிலேயே நிற்கும். அக்காளின் கட்டுரையோ 'ரமேஷ்பாபு, வி.' ஆகிவிடும். கட்டுரை மகளுடையது, மேற்கோள் தந்தைக்கு.

நான் வசிக்கும் மல்லேஸ்வரத்துக்கு இக்கேள்வியோடு நெருங்கிய உறவு உண்டு. 1962-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஓர் அங்கமாகப் பெங்களூரில் தொடங்கப்பட்ட ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையம் (இன்று மைசூர் சாலையில் உள்ளது) தொடக்க ஆண்டுகளில் மல்லேஸ்வரம் 11-ஆவது குறுக்குத்தெருவில் இயங்கியது. அதனை நிறுவியவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். சீயாழி என்பது ஊர், ராமாமிர்தம் என்பது தந்தை, ரங்கநாதன் என்பதே அவர். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது, 1934-இல், அவர் வெளியிட்ட பட்டியலாக்க விதிநூல் தென்னிந்தியப் பெயர்களுக்கென்றே ஒரு விதி வகுத்தது. பொருளுடைய இறுதிச் சொல்லே பதிவில் முதலில் வரவேண்டும். ஆனால் அவ்விறுதிச் சொல் சாதியை மட்டுமே குறித்து, அதற்கு முந்தைய சொல் முழுமையாகத் தரப்பட்டிருந்தால் இரண்டையும் சேர்த்தே முன்னால் எழுத வேண்டும். இவ்விதிப்படி ஆர். கே. சண்முகம் செட்டியாரைத் தேடுவோர் 'செட்டியார்' என்ற நூற்றுக்கணக்கான பெயர்களுக்கிடையே அலைய வேண்டியதில்லை. 'சண்முகம்' என்பதன்கீழ் காண்பர்.

இவ்விதி தமிழின் இலக்கணத்தோடும் பொருந்துவது. தமிழில் அடை முன்னும் தலைச்சொல் பின்னும் வரும். பத்திரங்களில் 'முருகேசன் மகன் கண்ணன்' என்றே எழுதுகிறோம், 'மு. கண்ணன்' என்பது அதன் சுருக்கம். ஊரும் தந்தையும் அடைகள். இறுதியில் நிற்பதே ஆள். ஆகவே தந்தை பெயர் முன்னால் நிற்கும்வரை, இறுதிச் சொல்லைக் குடும்பப்பெயரெனத் தவறாகக் கருதும் மேலைநாட்டு முறையும் தற்செயலாகச் சரியான விடையையே தந்தது. சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரிலுள்ள 'சந்திரசேகர் எல்லை' அவர் பெயரையே தாங்கி நிற்பது இதனால்தான். அவருடைய சிற்றப்பாவுக்கு அந்த வாய்ப்பு பாதியே கிட்டியது. மல்லேஸ்வரத்தில் 'பஞ்சவடி' என்ற வீட்டுக்கு உரியவரான சி. வி. ராமனின் இயற்பெயர் வேங்கடராமன். அது ஆங்கிலத்தில் இரண்டாகப் பிளவுபட்டு, முற்பாதி தலைப்பெழுத்தாயிற்று. 1928-இன் கண்டுபிடிப்பு பிற்பாதியின் பெயரில் உலகெங்கும் வழங்குகிறது.

கடவுச்சீட்டும் இணையப் படிவங்களும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன. இன்றைய மாணவர் பலரின் சான்றிதழ்களில் இயற்பெயர் முன்னும் தந்தை பெயர் பின்னும் உள்ளன. திருமணத்திற்குப்பின் சில பெண்களுக்குக் கணவர் பெயர் அவ்விடத்தைப் பிடிக்கிறது. ஆகவே ரங்கநாதனின் விதியைக்கூட இன்று இயந்திரம்போல் கையாள முடியாது. 'கண்ணன் முருகேசன்' என்பதில் ஆள் யார் என்பதைப் பெயரைப் பார்த்தே அறுதியிட எந்த நிரலாலும் இயலாது. அதற்குரியவரைத்தான் கேட்க வேண்டும்.

நூலகவியல் இதனை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஏற்றுக்கொண்டது. 1961-இல் பாரிசில் கூடிய பன்னாட்டுப் பட்டியலாக்க மாநாடு, பெயரின் எச்சொல் பதிவில் முதலில் வரவேண்டும் என்பதை இயன்றவரை ஆசிரியருடைய நாட்டின் வழக்கே தீர்மானிக்க வேண்டும் என்று வரையறுத்தது. ஆய்விதழ்த் தரவமைப்புகளோ இவ்விடத்தில் பின்னடைந்துள்ளன. கட்டுரைகளுக்கு எண் வழங்கும் கிராஸ்ரெஃப் அமைப்பின் படிவத்தில் குடும்பப்பெயர் கட்டாயம், இயற்பெயர் விருப்பம். ஆய்வாளர்க்கு எண் வழங்கும் ஓர்கிட் அமைப்பில் இயற்பெயர் கட்டாயம், குடும்பப்பெயர் விருப்பம். ஒற்றைப்பெயர் கொண்ட ஆய்வாளர் ஒருவர் இவ்விரண்டிலும் ஒரே ஆளாகத் தோன்றுவதற்கே முயல வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு ஓர் ஆய்விதழின் படிவம் என் தலைப்பெழுத்தை ஏற்கவில்லை; குடும்பப்பெயரில் குறைந்தது இரண்டு எழுத்துகள் வேண்டும் என்றது. சிலர் புள்ளி வைக்கிறார்கள். சிலர் தம் பெயரையே இருமுறை எழுதுகிறார்கள்.

'எல்லாரும் ஒரு குடும்பப்பெயரை வைத்துக்கொண்டால் தீர்ந்தது' என்று எளிதாகச் சொல்வோர் உண்டு. தமிழ்நாட்டில் குடும்பப்பெயர் போல வழங்கத் தயாராக இருந்தது சாதிப்பெயர்தான். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அதனைக் கைவிடுமாறு தீர்மானித்தது. பின்வந்த தலைமுறைகளில் பெரும்பாலோர் கைவிட்டனர். படிவத்தில் வெறுமையாகத் தெரியும் அந்தக் கட்டம் ஒரு சமூகம் எடுத்த முடிவின் பயன். அதனை நிரப்பச் சொல்லும் மென்பொருளுக்கு இவ்வரலாறு தெரியாது, நமக்குத் தெரியும்.

இன்னொரு மறுப்பு வலுவானது. தலைப்பெழுத்தும் இயற்பெயரும் மட்டுமே இருந்தால் ஒரே பட்டியலில் பத்து 'முருகன், எஸ்.' வந்துவிடுவர், யார் எவர் என்று எப்படிப் பிரிப்பது? உண்மைதான். ஆனால் அச்சிக்கல் குடும்பப்பெயரால் தீர்வதில்லை. சீன, கொரியக் குடும்பப்பெயர்களைப் பார்த்தாலே விளங்கும். அதற்கெனவே ஓர்கிட்டின் 16 இலக்க எண் இருக்கிறது. ஆளைப் பிரித்தறிவது எண்ணின் வேலை. ஆளை அவர் பெயரால் அழைப்பது மேற்கோளின் வேலை.

செய்யக்கூடியவை எளியவை. ஆய்விதழ்கள், குறிப்பாக இந்தியாவிலிருந்து வருபவை, சமர்ப்பிப்புப் படிவத்தில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்க்கட்டும்: 'மேற்கோளில் உங்கள் பெயர் எவ்வாறு வரவேண்டும்?' முனைவர் பட்ட மாணவர் அனைவரும் படிக்கும் ஆய்வு நெறிமுறைத் தாளில் காற்புள்ளிகளுக்குத் தரும் நேரத்தில் சிறிதளவு இதற்கும் ஒதுக்கலாம். முதல் கட்டுரையை அனுப்பவிருப்போர் அதற்கு முன்பே தம் பெயரின் ஒரே வடிவத்தை முடிவுசெய்து, இறுதிவரை அதனையே கையாளட்டும். தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாக முன்னால் வைப்பது இன்றும் பாதுகாப்பான வழி.

பிறரை மேற்கோள் காட்டும்போதும் நமக்குக் கடமை உண்டு. சோட்டெரோவில் பெயரை ஒற்றைக் கட்டமாக மாற்றும் வசதி இருக்கிறது. பிப்டெக்கில் முழுப்பெயரையும் அடைப்புக்குள் இட்டால் அது பிளவுபடாது. அதற்கும் முன்னால், அவ்வாசிரியரைச் சக ஆய்வாளர்கள் எப்பெயரால் அழைக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். கருத்தரங்கில் 'வைஷாலி சொன்னதுபோல' என்று பேசிவிட்டுக் கட்டுரையில் 'ரமேஷ்பாபு கூறுகிறார்' என்று எழுதுவது எந்த நடைக்கையேட்டின்படியும் சரியான மேற்கோள் ஆகாது.