உழுகிற இயந்திரத்துக்கு உறுதி எதற்கு?

கமத்தொழிலுக்குப் பயன்படும் வாகனங்களைக் குறைந்த கட்டணத்தில் பதிவு செய்ய இடமளிக்க வேண்டும் என்று வன்னியில் யார் பேசினாலும், உடனே ஒரு கேள்வி எதிரே வந்து நிற்கும். உண்மையான விவசாயி யார் என்பதை எப்படி அறிவது? கேள்வி நியாயமானதே. அதற்கு வழமையாகச் சொல்லப்படும் விடைதான் அநியாயமானது.

அந்த விடையில் மூன்று தகைமைகள் அடங்கியிருக்கின்றன. விண்ணப்பிப்பவரின் பெயரில் வயற்காணி இருக்க வேண்டும். வாகனத்தின் பழைய ஆவணங்கள் கைவசம் இருக்க வேண்டும். வாகனம் சொந்தக் கமத்துக்கு மட்டுமே ஓட வேண்டும், கூலிக்கு ஓடக்கூடாது. காகிதத்தில் பார்த்தால் இதில் குற்றம் காண்பது கடினம். ஆனால் பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் வந்து, உடையார்கட்டுக் குளத்தின் கீழ் உள்ள வயல்வெளியில் இறங்கி நின்று பார்த்தால், யாருக்காகச் சலுகை கோரப்படுகிறதோ அவர்களையே இந்த மூன்றும் வாசலில் நிறுத்திவிடுவது தெரியும்.

முதலில் காணியை எடுத்துக்கொள்வோம். வன்னியின் குடியேற்றக் காணிகளிற் பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டவை. அனுமதிப்பத்திரம் ஒருவர் பெயரில் இருக்கும். வயலைச் செய்வது குடும்பம். அந்த ஒருவர் பெரும்பாலும் கணவர். அவர் இறந்தால், பின்னுரிமை நியமிக்கப்படாதவிடத்து, 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரை பிள்ளைகளில் ஆணுக்கே முன்னுரிமை இருந்தது. அவர் இறந்தாரா இல்லையா என்பதே தெரியாத குடும்பங்களின் நிலை என்ன? காணாமற்போனமையை உறுதிப்படுத்தும் சான்றிதழை வழங்க 2016இல் சட்டம் இடமளித்தது. ஆனால் அதைப் பெறுவதற்குத் தயங்கும் தாய்மாரும் மனைவிமாரும் இங்கு பலர். அந்தக் காகிதத்தைக் கையேற்பது தேடலைக் கைவிடுவதாகிவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு. அப்படிப்பட்ட ஒரு பெண் காலபோகத்துக்கு வயலை உழுது விதைத்து, சிறுபோகத்தில் நீர் கிடைத்தால் மீண்டும் விதைத்து, குடும்பத்தைக் காத்து வருகிறார். அவர் விவசாயி இல்லையென்றால் வேறு யார் விவசாயி? குத்தகைக்குச் செய்பவரின் கதையும் இதுதான். வெயிலும் மழையும் அவருக்கு, உறுதி இன்னொருவருக்கு.

இரண்டாவது, வாகனத்தின் ஆவணம். 2009 ஜனவரி 21ஆம் திகதி அரசாங்கம் அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயத்துக்குள் அமைந்திருந்த ஊர்களில் உடையார்கட்டும் ஒன்று. கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு வழியாக வந்த சனம், கூரைத் தகரத்தையும் நெல் மூட்டையையும் முதியோரையும் ஏற்றிக்கொண்டு வந்தது உழவு இயந்திரப் பெட்டிகளிலேதான். அந்த வலயத்துக்குள்ளும் எறிகணைகள் விழுந்தன. மக்கள் தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று மேலும் மேலும் கிழக்கே தள்ளப்பட்டனர். இயந்திரங்கள் வழிநெடுக நின்றுபோயின. முடிவில் பலர் கைப்பை ஒன்றுடன் வெளியே வந்தனர். சிலரிடம் அதுவும் இல்லை. மீள்குடியேறியவர்களிற் சிலர், துருவேறிய வாகனக் குவியல்களிடையே தமது இயந்திரத்தைத் தேடிக் கண்டெடுத்தனர். வேறு சிலர் நான்கு இயந்திரங்களின் உதிரிப் பாகங்களைச் சேர்த்து ஒன்றை ஓட வைத்தனர். இவர்களிடம் முதற் பதிவுப் புத்தகத்தைக் கேட்பது, எரிந்த வீட்டுக்காரனிடம் திறப்பைக் கேட்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது நிபந்தனைதான் எல்லாவற்றிலும் மோசமானது. சொந்தக் கமத்துக்கு மட்டும் என்கிறார்கள். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் அந்த இரண்டு ஏக்கருக்காக மட்டும் நான்கு சில்லு உழவு இயந்திரம் வாங்க முடியுமா? வாங்கினாலும் கடனைக் கட்டி முடிப்பாரா? ஊரில் சிலரிடம் இயந்திரம் இருக்கும். அது ஊர் முழுவதற்கும் உழும். ஏக்கர் கணக்கில் கூலி பேசப்படும், சில வேளை அறுவடைக்குப் பின் நெல்லாகக் கொடுக்கப்படும். இரு சில்லு லான்ட்மாஸ்டரும் அப்படியே. கூலிக்கு உழுவது இங்கு விவசாயத்துக்குப் புறம்பான வியாபாரமன்று, விவசாயத்தின் ஓர் அங்கம். அதைத் தடுத்தால் பாதிக்கப்படுவது இயந்திரச் சொந்தக்காரர் மட்டுமல்லர். இயந்திரம் இல்லாத ஏழைக் கமக்காரனின் உழவுக் கூலியே உயரும்.

வெளிநாடுகளில் எப்படி என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு. இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் விவசாய உழவு இயந்திரத்தை அதன் அமைப்பையும் வேலையையும் கொண்டே வரையறுக்கின்றன. காணி உறுதியைக் கொண்டல்ல. பிரித்தானியாவில் விவசாய வேலைக்கு ஓடும் உழவு இயந்திரத்துக்கு வாகன வரி பூச்சியம். பிறருடைய நிலத்தை ஒப்பந்தத்தில் உழுது கொடுப்பவருக்கும் அது பொருந்தும். ஆனால் பதிவு கட்டாயம். என்ன வேலை என்பதே அங்கு அளவுகோல்.

சலுகை கொடுத்தால் அதே இயந்திரங்களில் மணல் ஏற்றுவார்கள் என்ற வாதத்தை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஏற்றுகிறார்கள். ஆறுகளும் குளக்கரைகளும் அதனாற் சிதைவதை முல்லைத்தீவு மாவட்டத்தார் அனைவரும் அறிவர். ஆனால் அதற்கென 1992ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனியங்கள் சட்டம் இருக்கிறது; அனுமதி வழங்கப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகம் இருக்கிறது; பிடிக்கப் பொலிஸ் இருக்கிறது. மணற் கள்வனைப் பிடிக்க முடியாத அரசு, அவனுக்காக விதைப்புக்காரனின் வாசலை அடைப்பது என்ன நீதி? அதிலும், பதிவிலக்கம் இல்லாத பெட்டியிலே மணல் போவதுதான் கள்வனுக்கு வசதி. எல்லா இயந்திரங்களும் இலக்கத்துடன் ஓடினால் அவனை அடையாளம் காண்பது எளிது.

பதிவில்லாமையின் விலையை நாம் 2022இல் கண்டோம். எரிபொருள் இன்றி நாடு தவித்தபோது கொண்டுவரப்பட்ட கியூஆர் அட்டைக்குப் பதிவிலக்கமும் சேசி இலக்கமும் வேண்டப்பட்டன. இலக்கம் இல்லாத இயந்திரத்துக்கு அந்த வாசல் திறக்கவில்லை. முந்திய ஆண்டின் இரசாயன உரத் தடையால் நொந்திருந்த விவசாயிக்கு அது இரண்டாவது அடி. இன்னொரு விலையும் உண்டு. பதிவில்லாத வாகனத்துக்கு முறையான காப்புறுதி இல்லை. இரவில் பின்விளக்கின்றி வரும் பெட்டியில் மோதிக் காலிழக்கும் மோட்டார் சைக்கிள்காரன் நட்டஈட்டுக்கு யாரிடம் போவான்? ஆகவே குறைந்த கட்டணப் பதிவு என்பது விவசாயிக்குப் போடும் பிச்சையன்று. வீதியில் செல்லும் எல்லோருக்குமான பாதுகாப்பு.

அப்படியானால் விவசாயியை எப்படி அறிவது? அரசுக்கு அவரை ஏற்கெனவே தெரியும். நெற்செய்கைக்கு ஹெக்டேருக்கு 25,000 ரூபா வீதம் 2 ஹெக்டேர் வரை உர மானியம் வழங்க 2024இல் தீர்மானித்தபோது, பணத்தை யாருக்கு அனுப்புவது என்று அரசு திகைக்கவில்லை. கமநல சேவை நிலையத்தின் பதிவைப் பார்த்தது. மானியத்துக்கு விவசாயியாக இருப்பவர் பதிவுக்கு மட்டும் எப்படி விவசாயி அல்லாதவராவார்?

எனவே நான் முன்வைப்பது இதுதான். கமநல சேவை நிலையத்தில் பயிர்ச்செய்கையாளராகப் பதிந்த எவரும், காணி யார் பெயரில் இருந்தாலும், தகுதி பெறட்டும். ஆவணம் தொலைந்தவிடத்து, கிராம அலுவலரும் கமக்காரர் அமைப்பும் உறுதிப்படுத்தும் சத்தியக் கடதாசி ஏற்கப்படட்டும். திருட்டு வாகனம் என்ற ஐயத்துக்கு இடமிராதபடி இலக்கங்களை அறிவித்து, உரிமை கோருவோருக்குத் தவணை கொடுக்கட்டும். உழவு, விதைப்பு, சூடடிப்பு, விளைபொருள் ஏற்றுதல் ஆகியவை கூலிக்குச் செய்யப்பட்டாலும் விவசாய வேலையே என்று விதியில் எழுதப்படட்டும். மணல் ஏற்றிப் பிடிபட்டவரின் சலுகை இரத்தாகட்டும்.

பதிவு மத்திய அரசின் திணைக்களத்தின் கையில். ஆண்டுதோறும் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரமோ மாகாணத்துக்குரியது. வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அந்தச் சபை இருந்த ஐந்தாண்டுகளில் எத்தனையோ தீர்மானங்களை நிறைவேற்றிய நம் அரசியல்வாதிகள், உழவு இயந்திரத்துக்கு ஓர் இலக்கத் தகடு கிடைப்பதைச் சிறிய விடயமாகவே கருதினர். வயலில் நிற்பவனுக்கு அது சிறிய விடயமல்ல. அடுத்த முறை வாக்குக் கேட்டு அவர்கள் அந்த வீதியால் வரும்போது, வரம்பில் நிற்பவர்கள் முதலில் இதைக் கேட்கட்டும்.