முற்பணம் கட்டியாயிற்றாம்!

மோட்டார் சைக்கிள்களில் அணியாக மலையகம் செல்லவிருக்கும் இளைஞர் சிலர் தமது வார இறுதித் திட்டத்தை என்னிடம் காட்டினர். அப்புத்தளையில் தேநீர், பெரகலையிலிருந்து கொஸ்லந்தை வழியாக இறங்கி, 220 மீற்றர் உயரமான தியலும நீர்வீழ்ச்சியில் படப்பிடிப்பு. பெற்றோல் நிரப்பும் இடங்கள்கூடக் குறிக்கப்பட்டிருந்தன. பயணமோ ஒக்டோபர் இறுதியில்!

மழை பெய்தால்?

"மழை அங்கி இருக்கிறது, ஐயா."

2014 ஒக்டோபர் 29 காலை, இதே கொஸ்லந்தையின் மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன் வரிசைகளை மண் விழுங்கியது. முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தும் அந்தத் தொழிலாளர்கள் அங்கேயே வாழ்ந்தனர். போக்கிடம் இல்லாதவர்கள் அவர்கள். நமக்கு என்ன கட்டாயம்? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் வகுப்பது என்ன திட்டம்? வீதியில் மண் சரிந்தால், உங்களைத் தோண்டியெடுக்க முதலில் ஓடிவரப்போவது அந்த லயன் மக்களே. அவர்கள் உங்கள் வரைபடத்தில் இல்லை.

நாளை மாற்றச் சொன்னேன். விடுதிக்கு முற்பணம் கட்டியாயிற்றாம்.