அஹிம்சை யாருக்கு?

அடிபடுகின்றவனுக்கு அஹிம்சையைப் போதிப்பதில் எந்த மதக்காரனும் எந்தப் பணக்காரனும் பின்வாங்கியதே கிடையாது. அடிக்கின்றவனிடத்தில் போய் அதே போதனையைச் செய்தவர்கள் எத்தனை பேர் என்றுதான் நாம் கேட்கின்றோம். அமெரிக்கக் கறுப்பு மக்களின் சம உரிமைப் போராட்டத்தைப்பற்றிப் பேசுகின்றவர்கள், டாக்டர் மார்ட்டின் லூதர் கிங்கின் சாத்வீக முறை ஒன்றையே புகழ்ந்துவிட்டு, அதற்கு வெளியே நின்றவர்களை வெறியர்கள் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகின்றார்கள். அப்படித் தள்ளப்பட்டவர்களில் ஒருவர் ராபர்ட் வில்லியம்ஸ்.

வட கரோலினா மாகாணத்தில் மன்ரோ என்பது ஒரு சிற்றூர். பட்டாளத்திலிருந்து திரும்பிய வில்லியம்ஸ், அங்கு சாகக் கிடந்த கறுப்பர் முன்னேற்றச் சங்கக் கிளைக்குத் தலைவரானார். பெரிய மனிதர்கள் பயந்து விலகிக்கொண்ட அச்சங்கத்தில் கூலிக்காரர்களையும், வீட்டுவேலை செய்யும் பெண்களையும், வேலையற்றவர்களையும் சேர்த்தார். 1957-ல் பொதுப் பணத்தில் கட்டிய நீச்சல் குளத்தில் கறுப்புக் குழந்தைகளும் குளிக்க வேண்டுமென்று கேட்டார்கள். வாரத்தில் ஓரிரு நாளாவது விடுங்கள் என்றதற்கு, ஒவ்வொரு தடவையும் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதிதாய் நிரப்ப வேண்டுமே, செலவாகுமே என்று அதிகாரிகள் சொன்னதாக வில்லியம்ஸே எழுதியிருக்கின்றார். குளத்துத் தண்ணீருக்குத் தீட்டுக் கற்பிக்கும் புத்தி நம் நாட்டுச் சாஸ்திரிகளுக்கே ஏகபோகமென்று நினைத்திருந்தவர்கள் இதைக் கவனிப்பார்களாக.

கேட்டதற்குப் பலன் என்ன? கூ க்ளக்ஸ் க்ளான் என்னும் வெள்ளையர் கூட்டம், அன்பின் சின்னமென்று சொல்லப்படும் சிலுவையைக் கொளுத்திவிட்டு, கார்களில் வரிசையாய் வந்து கறுப்பர் குடியிருப்பில் சுட்டது. இதைத் தடுக்கும்படி நகராண்மைக்காரரிடம் முறையிட்டார்கள். கூட்டம் கூட அவர்களுக்கும் சட்டப்படி உரிமையுண்டென்று பதில் வந்தது. அவ்வருஷம் அக்டோபரில் ஒரு நாள் இரவு, சங்கத்தின் உபதலைவரான டாக்டர் ஒருவர் வீட்டைத் தாக்க அக்கூட்டம் வந்தபோது, மணல் மூட்டைகளை அடுக்கிக் காத்திருந்தவர்கள் திருப்பிச் சுட்டார்கள். வந்தவர்கள் ஓடினார்கள். அதன்பிறகே க்ளான் கார் ஊர்வலத்துக்கு நகரசபை தடை போட்டது. விண்ணப்பத்துக்குத் திறக்காத கண் எதற்குத் திறந்தது என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

இதனால் நாம் பலாத்காரத்தை ஆதரிக்கின்றோம் என்று எவரும் கருத வேண்டியதில்லை. பிறர் வீட்டில் புகுந்து அடிப்பது வேறு. தன் வீட்டு வாசலில் நின்று பெண்டு பிள்ளைகளைக் காப்பது வேறு. 1956-ல் தம் வீட்டில் வெடிகுண்டு விழுந்தபின் டாக்டர் கிங்கும் துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுச் செய்தார், கொடுக்க மறுத்துவிட்டார்கள். லூயிசியானாவில் 1964-ல் தோன்றிய தற்காப்புச் சங்கத்தார், சாத்வீகத் தொண்டர்கள் தூங்கும் வீடுகளுக்கே ஆயுதத்துடன் காவல் நின்றார்கள். 1966-ல் மிசிசிப்பியில் கிங்கும் கலந்துகொண்ட நடைப்பயணத்துக்கும் காவல் தந்தவர்கள் இவர்களே. ஆகவே இவ்விரண்டும் எலியும் பூனையும் என்பது பின்னால் கட்டிய கதையாகும்.

நிற்க, வீரம் பேசுகின்றவர்கள் சொல்வதையெல்லாம் ஏற்றுக்கொள்ளவும் நாம் தயாராயில்லை. எலிஜா முகமதுவின் இயக்கம், ஆறாயிரத்துச் சொச்சம் வருஷங்களுக்கு முன் யாக்கூப் என்னும் விஞ்ஞானி வெள்ளையரைப் பிசாசுகளாய் உண்டாக்கினான் என்று போதித்தது. முகத்தில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்னும் நம்மூர்ப் புராணத்துக்கு இது எவ்விதத்தில் குறைந்தது? மால்கம் எக்ஸ் 1964-ல் அதை விட்டு வெளியேறி, மெக்கா சென்று திரும்பியபின், வெள்ளையர் எல்லோரும் பிசாசுகள் என்ற கொள்கையைப் பகிரங்கமாய்க் கைவிட்டார். 1965 பிப்ரவரி 21-ல் மேடையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வியக்கத்தைச் சேர்ந்த ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். கூடத் தண்டிக்கப்பட்ட இருவர் மீதிருந்த தீர்ப்பு 2021-ல்தான் ரத்தாயிற்று.

துப்பாக்கியால் வில்லியம்ஸுக்கும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. அந்தக் குளம் திறக்கவில்லை. 1959-ல் கறுப்புப் பெண்ணொருத்தியைக் கெடுக்க முயன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட வெள்ளையன் விடுதலையானபோது, இனி அடிக்கு அடிதான் என்று கோபத்தில் சொன்னதற்காகச் சொந்தச் சங்கமே அவரை ஆறு மாதம் நீக்கிவைத்தது. 1961-ல் ஊரில் கலகம் மூண்ட சமயம், ஆத்திரங்கொண்ட கூட்டத்திடமிருந்து தப்புவிக்கத் தம் வீட்டில் புகலிடம் கொடுத்ததாக அவர் சொன்ன வெள்ளைத் தம்பதிகளைக் கடத்தினார் என்றே அவர்மீது வழக்கு வந்தது. கியூபாவுக்கும் பிறகு சீனாவுக்கும் போய், 1969-ல்தான் நாடு திரும்பினார். வழக்கு பின்னால் கைவிடப்பட்டது.

1996-ல் அவர் இறந்தபோது மன்ரோவில் நடந்த இறுதிச் சடங்கில் எழுந்து அவரைப் பாராட்டிப் பேசியவர், மாண்ட்கமரியில் பஸ் ஆசனத்தை விட்டு எழுந்திருக்க மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையார்.