பிரெஞ்சுப் படிப்பு

சர்வகலாசாலையில் பிரெஞ்சு பாஷையைப் பிரதான பாடமாக எடுத்துக்கொள்ளும் மாணாக்கனை நோக்கி, "இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று வீட்டாரும் அயலாரும் வினவுகின்றனர். மேல்நிலைப் பள்ளியில் மார்க்கு எளிதில் கிடைக்குமென்று தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுக்கும் பிள்ளையையோ இவர்களில் எவரும் அவ்வாறு கேட்பதில்லை! மார்க்குக்காகப் படிப்பது விவேகம், பாஷையை ஆழ்ந்து கற்பது வீண் என்னும் இக்கொள்கை தலைகீழானது என்பதே நமது அபிப்பிராயம்.

புதுவையின் சரித்திரத்தைப் பாருங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் தினசரிக் குறிப்பு எழுதி வைத்தார். அவர் துபாஷியாயிருந்து சேவித்த கவர்னர் டூப்ளேயின் கடிதங்களும் கும்பினியின் தஸ்தாவேஜுகளும் பிரெஞ்சில் உள்ளன. ஒரே காலத்துக்குச் சாட்சிகள் இருவர். ஒருவர் வாக்குமூலத்தை மாத்திரம் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் நீதிபதியை நாம் மதிப்போமா? இரண்டையும் மூலத்திலேயே படித்து ஒத்துப் பார்க்க வல்லவர்கள் நமக்கு வேண்டும்.

இது பழங்கதை மாத்திரமன்று. 1881ஆம் வருஷத்து ஆணையின்படி தம் சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்தவர்களின் சந்ததியாருக்கு, விவாகம், வாரிசுரிமை முதலியவற்றில் பிரெஞ்சு சிவில் சட்டமே புதுவையில் இன்றும் செல்லுகிறது. 1954 நவம்பர் 1ந் தேதி நிர்வாகம் கைமாறிற்று. பழைய பத்திரங்களின் பாஷை மாறவில்லை. பிரெஞ்சு அறியாதவர் தம் பாட்டனார் எழுதிவைத்த பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே பிறர் வாயைப் பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது.

அந்நியர் ஆண்ட பாஷையை ஏன் கற்க வேண்டுமென்று தேசாபிமானிகள் சிலர் கேட்கலாம். 1908இல் புதுவை சேர்ந்த பாரதியார் பிரெஞ்சு கற்றார். அதனால் அவர் தமிழும் குன்றவில்லை, தேசபக்தியும் குன்றவில்லை. பிரெஞ்சுக்காரரான பிரான்சுவா குரோ தமிழைக் கற்று, 1968இல் பரிபாடலைத் தம் பாஷையில் பெயர்த்தளித்தார். அது அவருக்குக் கௌரவமாயின், நாம் பிரெஞ்சு கற்பது நமக்கு எவ்வாறு இழிவாகும்?

ஆகவே, சர்வகலாசாலைகளுக்கு நாம் சொல்வது இது: பிரெஞ்சுப் பட்டம் பெறுவோர் தமிழிலும் தேர்ச்சி பெறும்படி விதி செய்யுங்கள். பழைய கையெழுத்துகளைப் படிக்கவும், பிரெஞ்சிலிருந்து நேரே தமிழில் மொழிபெயர்க்கவும் பயிற்சி அளியுங்கள். பாரிஸ் நகரில் வழி கேட்கக் கற்பிப்பது மட்டும் போதாது. பெற்றோருக்கு ஒரு வார்த்தை: உங்கள் பிள்ளை இப்பாடத்தை விரும்பினால் தடுக்காதீர்கள், தமிழை மட்டும் கைவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நமது சரித்திரத்தை நாமே எழுத அத்தகைய பிள்ளைகள் வேண்டும்.