இதுவும் ஓர் உத்தியோகமே

மருத்துவம், பொறியியல் ஆகிய இரண்டுக்கும் அப்பால் பெற்றோர் பலரின் பார்வை செல்வதில்லை. வேலைத்தலங்களில் ஊழியரின் சுகநலம் பேணும் பணியை ஒரு பிள்ளை விரும்பினால், "அதுவும் ஒரு உத்தியோகமா?" என்கின்றனர்.

1967ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு, அரசாங்க ஊழியருள் கீழ்ப்பதவியினரே இருதய நோயால் அதிகம் இறந்தனர் எனக் காட்டியது. புகைத்தலும் இரத்த அழுத்தமும் அவ்வேறுபாட்டை முழுதும் விளக்கவில்லை. 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு, தன் வேலையில் தனக்கே அதிகாரமில்லாத நிலையும் இருதய நோயுடன் தொடர்புடையது என உணர்த்தியது.

ஆகவே யோகாசன வகுப்பு மட்டும் போதாது. இரவு வேலை, ஓய்வு நேரம், மேலாளரின் போக்கு ஆகியவற்றையும் நிர்வாகத்திடம் துணிந்து பேசுபவரே இத்தொழிலுக்கு உரியவர். தாதியியல், உளவியல், பொதுச் சுகாதாரம் கற்றவர்களும் இதில் நுழையலாம்.

கடைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இரவெல்லாம் உழைக்கும் தமிழருக்கு இத்தகையோர் அவசியம். உழைப்பவரின் உடல்நலம் காப்பதும் இறைபணியே, பெற்றோர் தடுக்கலாகாது.