தோல் வட்டார ஆய்வகங்களில் புரோமின் கலந்த ரசாயனங்களைப் பாதுகாப்பாகக் கையாள வழிசெய்யக் கோரும் மனு

பெறுநர்: வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை மாவட்ட ஆட்சித் தலைவர்கள், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கல்லூரிக் கல்வி இயக்ககம்.

விடுநர்: டேனரித் தொழிலாளர்கள், ஷூ கம்பெனி லேப் பணியாளர்கள், கல்லூரி ஆய்வக உதவியாளர்கள் ஆகியோரை உறுப்பினர்களாகக் கொண்ட சங்கம், ஆம்பூர்.

மதிப்பிற்குரியோர்க்கு,

குரோம் பதனிட்ட தோலுக்குச் சாயம் ஏற்றுவதற்கு முன் டிரம்மை நிறுத்தி ஒரு சோதனை செய்வார்கள். கழுத்துப் பக்கம் தடித்த இடமாகப் பார்த்துக் கத்தியால் ஒரு துண்டு அறுத்து, அறுத்த முகத்தில் இரண்டு சொட்டு புரோமோகிரசால் கிரீன் விடுவார்கள். ஓரத்தில் மட்டும் நீலப்பச்சை நின்று நடுவில் மஞ்சள் தெரிந்தால், அமிலம் இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். டிரம் மறுபடி சுற்ற வேண்டும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேர்ணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும் டேனரி வேலை தெரிந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. அந்தச் சொட்டு மருந்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு புரோமின் அணுக்கள் இருக்கின்றன. நீர்த்த கரைசலாகப் பயன்படுத்தும்போது அதனால் பெரிய ஆபத்து இல்லை. ஆல்கஹாலில் கரைத்து வைத்திருந்தால் நெருப்பை அண்டவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

புரோமோபென்சீன் அப்படிப்பட்டதல்ல. நிறமற்ற திரவம், முகர்ந்தால் மோசமான வாடைகூட வராது. 51 டிகிரி செல்சியஸில் பொறி பட்டாலே அதன் ஆவி தீப்பற்றும். அந்த ஆவி காற்றைவிட ஐந்து மடங்குக்கு மேல் கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து தாழ்ந்த இடத்தில் தேங்கும். தோலில் பட்டால் எரிச்சல். உடலுக்குள் போனால் அடி விழுவது கல்லீரலுக்கு: கல்லீரல் அதை உடைக்க முயலும்போது எபாக்சைடு என்ற தீவிரமான இடைப்பொருள் உண்டாகிறது, உடலின் தற்காப்புப் பொருளான குளுடாதயோன் அதை அடக்கப் பார்த்துத் தீர்ந்துபோகிறது, அதன் பின் கல்லீரல் செல்கள் சாகத் தொடங்குகின்றன. ஆய்வுக்கூட எலிகளில் இது விரிவாக நிறுவப்பட்டு, நச்சியலில் பாட உதாரணமாகவே ஆகிவிட்டது.

இந்த இரண்டு புட்டிகளும் ஒரே அலமாரியில், ஒரே ஆங்கில எழுத்து வரிசையில், பக்கத்துப் பக்கத்தில் நிற்கக்கூடியவை. அவற்றை எடுத்துக் கொடுப்பவர், கழுவுபவர், உடைந்தால் துடைப்பவர் பெரும்பாலும் ஆய்வக உதவியாளரோ ஒப்பந்தத் தொழிலாளியோதான். எந்தப் புட்டிக்கு எவ்வளவு அஞ்ச வேண்டும் என்று அவருக்குச் சொல்ல அங்கே எதுவும் இல்லை. இந்த மனு எழுதப்படுவதற்குக் காரணம் அதுவே.

பெயரும் பையும் மாறியதால் ஒரு மாநிலமே பாதிக்கப்பட்ட வரலாறு உண்டு. 1973இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு ரசாயன நிறுவனம் இரண்டு பொருள்களைத் தயாரித்தது. ‘ஃபயர்மாஸ்டர்’ என்பது தீத்தடுப்புக்கான பாலிபுரோமினேட்டட் பைஃபினைல். ‘நியூட்ரிமாஸ்டர்’ என்பது கால்நடைத் தீவனத்தில் சேர்க்கும் மக்னீசியம் ஆக்சைடு. தீவன ஆலைக்குப் போக வேண்டிய மூட்டைகளோடு ஃபயர்மாஸ்டர் கலந்து போய்விட்டது. பசுக்கள் தீவனத்தை ஒதுக்கின, பால் வற்றியது. காரணம் தெரியவே பல மாதம் ஆனது. அதுவும் வேதியியல் பொறியியல் படித்திருந்த ஒரு பண்ணையாளர் விடாமல் துருவியதால்தான். அதற்குள் அந்த மாநிலத்தின் லட்சக்கணக்கான மக்கள் அந்தப் பாலையும் இறைச்சியையும் சாப்பிட்டுவிட்டார்கள். சுமார் 30,000 மாடுகளையும் 15 லட்சம் கோழிகளையும் அழிக்க நேர்ந்தது. நன்கு படிக்கத் தெரிந்தவர்கள் நிறைந்த ஆலையில் நடந்த தவறு இது. எழுத்தே புரியாத மொழியில் இருக்கும் அலமாரியில் என்னவெல்லாம் நேரலாம் என்பதை அதிகாரிகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே முதல் கோரிக்கை: ரசாயனம் இருக்கும் ஒவ்வொரு புட்டியிலும் கேனிலும் தமிழில் பெயரும், ஆபத்துக் குறிப்படமும், பட்டால் உடனே செய்ய வேண்டிய முதலுதவி ஒரு வரியும் இருக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடியில் உருது அவசியம். வடமாநிலத் தொழிலாளர்கள் உள்ள இடங்களில் இந்தியோ வங்காளமோ சேர்க்கப்பட வேண்டும். இது புதிய சலுகை அல்ல. அபாயகர ரசாயனங்களுக்கான 1989ஆம் ஆண்டு விதிகளே பாதுகாப்புத் தரவுத்தாளையும் புட்டி மேல் விவரச்சீட்டையும் கட்டாயமாக்கின. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41பி பிரிவு, ஆபத்து விவரங்களைத் தொழிலாளிக்குத் தெரிவிப்பதை ஆலை நடத்துபவரின் கடமையாக்கியது. பதினாறு பிரிவுகள் கொண்ட அந்தத் தரவுத்தாள் இன்று ஆங்கிலத்தில் மேலாளர் அறைக் கோப்பில் தூங்குகிறது. அதன் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் வேலை மேசைக்கு மேல் ஒட்டப்பட வேண்டும். குடிநீர் பாட்டிலில் எந்தத் திரவத்தையும் ஊற்றி வைப்பது அறவே தடை செய்யப்பட வேண்டும். சங்க உறுப்பினர்கள் மிக அதிகமாகச் சொல்லும் புகார் இதுதான்.

கல்லூரிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆலைகளுக்கு உள்ள ஆய்வு அங்கே எட்டுவதில்லை. முதுகலை வேதியியல் செய்முறையில் புரோமோபென்சீனை மக்னீசியத் துருவலோடு ஈதரில் சேர்த்து கிரின்யார் வினை செய்வது பழைய பாடம். ஈதர் 34.6 டிகிரியில் கொதிக்கும். வேலூரின் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். முதலில் மந்தமாக நிற்கும் அந்த வினை, தொடங்கிவிட்டால் தன் சூட்டிலேயே வேகமெடுக்கும். மின்விசிறி மட்டும் உள்ள அறையில், புகைப்போக்கிப் பெட்டி வேலை செய்யாத நிலையில், ஒரு வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் இதைச் செய்வதை எப்படி அனுமதிக்க முடியும்? 2018 டிசம்பரில் பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் வாயு சிலிண்டர் வெடித்து ஓர் இளம் ஆராய்ச்சியாளர் இறந்தார். பெரிய நிறுவனத்திலேயே அது நடந்தது. புகைப்போக்கிப் பெட்டியின் காற்றிழுப்பு அளந்து சான்று பெறாத கல்லூரியில் இந்தச் செய்முறை ஆசிரியர் செய்துகாட்டும் பாடமாக மாற்றப்பட வேண்டும். பருத்திக் கோட்டு, கண்ணாடி, கண் கழுவும் குழாய் ஆகியவை இல்லாமல் எவரும் உள்ளே நுழையக் கூடாது. மெல்லிய லேடெக்ஸ் கையுறை இத்தகைய கரைப்பானைத் தாங்காது; வைட்டான் போன்ற தகுந்த வகையை வாங்கித் தரும் பொறுப்பு நிர்வாகத்துடையது.

கழிவு அடுத்தது. புரோமோபென்சீன் தண்ணீரில் கரைவது சொற்பம். தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம். தொட்டியில் ஊற்றினால் குழாய் வளைவிலும் சாக்கடை அடியிலும் போய்ப் படியும். நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. குப்பையோடு எரித்தால் ஹைட்ரஜன் புரோமைடு புகை வரும், டையாக்சின் வகை நச்சுகளும் உண்டாகலாம். இதற்கு கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவு மேலாண்மை மையம் இருக்கிறது. ஆனால் வருடத்துக்கு இரண்டு கேன் கழிவு சேரும் ஒரு கல்லூரியோ சிறிய லேபோ தனியாக வண்டி பிடித்து அங்கே அனுப்பாது. எனவே வாரியம் மூன்று மாவட்டங்களுக்கும் சேர்த்து காலாண்டுக்கு ஒருமுறை கழிவு வண்டி அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். புரோமின் போன்ற ஆலசன் கலந்த கழிவுக்குத் தனி நிறக் கேன் வைக்கப்பட வேண்டும்.

பாலாற்றுப் படுகை மக்கள் இதை வலியுறுத்த உரிமை உள்ளவர்கள். முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 28.8.1996 அன்று சொன்னது இந்த வட்டாரத் தோல் கழிவு வழக்கில்தான். அதே பாலாற்று மாசுக்காக 30.1.2025 அன்றும் அந்த நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. இடையில், 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட பத்துப் பேர் இறந்தார்கள்.

இன்னொரு அநீதியையும் பதிவு செய்யாமல் இருக்க முடியவில்லை. 1989இல் ஜெர்மனி, தோலுக்குப் பூசணக்கொல்லியாக இருந்த பென்டாகுளோரோஃபீனாலுக்கு கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று வரம்பு வைத்ததும், ஏற்றுமதி நிற்கக் கூடாதே என்று தோல் துறை முழுவதும் பூசணக்கொல்லியை மாற்றிக்கொண்டது. தடை செய்யப்பட்ட அசோ சாயங்களிலும் அப்படியே. ஷூ போடும் காலுக்காகச் செய்ய முடிந்ததை, அந்தத் தோலைச் சோதிக்கும் கைக்காகவும் செய்ய முடியும். கரைப்பான்களோடு வேலை செய்யும் லேப் பணியாளர் அனைவருக்கும், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட, ஆண்டுக்கு ஒருமுறை கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை நிர்வாகச் செலவில் நடத்தப்பட வேண்டும். அறிக்கையின் நகல் அவர் கையிலேயே தரப்பட வேண்டும்.

கோடைச் செய்முறைத் தேர்வுகள் தொடங்குமுன் நான்கு துறைகளும் சேர்ந்த கூட்டம் ஒன்றை ஆட்சியர் அலுவலகத்தில் நடத்தித் தருமாறு சங்கம் கேட்டுக்கொள்கிறது. ஆய்வுக்குச் செல்லும் ஒவ்வொரு குழுவிலும் தொழிலாளர் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும். தங்கள் அலமாரிகளில் உள்ள ரசாயனங்களின் பட்டியலைத் தயாரித்து உறுப்பினர்கள் அந்தக் கூட்டத்திலேயே ஒப்படைப்பார்கள்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகக் குழு, ஆம்பூர்